ரிங்குக்குக் கீழே மக்காச்சோளம்

போன மாதம் உங்களுக்கு நடந்த நடுவர் பயிற்சி வகுப்பில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தங்கை எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “மேடம், ஒரு டீமுக்கே ஃப்ரீ த்ரோ போய்க்கிட்டு இருந்தா பாக்கறவங்க தப்பா நெனைக்க மாட்டாங்களா? அடுத்த டீமுக்கும் ரெண்டு குடுத்துச் சரி பண்ணிடலாமா?” வகுப்பே சிரித்தது. பாவம், அவள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரித்தவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் கேள்வி உங்கள் மனதிலும் இருந்தது. அவள் வாய்விட்டுக் கேட்டாள், நீங்கள் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் அன்றைக்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். விடுமுறை நாட்களில் கூடைப்பந்து நடுவர். இரண்டிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில். மலைக்குப் போகிற பைக்குகள் என் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் கை தானாகக் கழுத்துக்குப் போய் விசிலைத் தேடுகிறது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பார். நான் வீட்டில் விரலை நீட்டிப் பேசினால், ஃபவுலில் மாட்டிய ஆட்டக்காரர் மாதிரி அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார்.

இதை உங்கள் வீட்டில் இருப்பவர்களும் படிக்கலாம் என்பதால் ஒரு விளக்கம். கூடைப்பந்தில் எதிரணிக்காரர் பந்தை எறியப் போகும்போது அவர் கையைத் தட்டினாலோ, உடம்பால் இடித்தாலோ அது ஃபவுல். அதற்குத் தண்டனையாக, இடிபட்டவர் ரிங்குக்கு எதிரே ஒரு கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல் எறியலாம். அதுதான் ஃப்ரீ த்ரோ. போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இதில் என்ன பெரிய சண்டை என்று கேட்பீர்கள். எல்லாச் சண்டையும் இதில்தான்.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணிக்காரர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். “அவங்களுக்கு இத்தனை, எங்களுக்கு இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். ஃப்ரீ த்ரோ என்பது ரேஷன் அரிசி இல்லை, கார்டுக்கு இவ்வளவு என்று அளந்து போட. ரிங்குக்கு அடியில் புகுந்து புகுந்து எறிகிற அணி இடிபடும், அதனால் நிறையப் பெறும். தூரத்திலேயே நின்று எறிகிற அணியை யார் போய் இடிக்கப் போகிறார்கள்? அதே மாதிரி, தடுக்கும்போது காலை நகர்த்தி முன்னால் வந்து நிற்கிறவர்கள் குறைவாகக் கொடுப்பார்கள். கால் நின்றுவிட்டால் கை நீளும். கை நீண்டால் விசில் வரும். களைத்துப்போன அணியும் அப்படித்தான், பின்தங்கிப்போய்ப் பதறுகிற அணியும் அப்படித்தான். இதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒரு அணி ஏன் உள்ளே புகாமல் தூரத்திலேயே நிற்கிறது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு சுற்றுவட்டாரப் பள்ளிப் பெண்கள் அணிகளுக்கு ஒரு போட்டி நடந்தது. வெல்லும் அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே போய் ஆடிவந்த சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒரு முறை மோதி, முதல் இரண்டு இடத்தில் வருபவர்கள் இறுதி ஆட்டம் ஆட வேண்டும்.

முதல் சுற்றிலேயே அயோத்தியாப்பட்டணம் பக்கத்துப் பள்ளியும் புதுச்சத்திரம் பக்கத்துப் பள்ளியும் மோதின. ஊதியது நானும், எனக்கு மூத்த நடுவர் ஒருவரும். அவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். விசிலை வாயில் வைத்துப் பழகி வாயே மூடிக்கொண்டது என்று நான் கேலி செய்வேன்.

அயோத்தியாப்பட்டணத்துப் பிள்ளைகள் ஆத்தூர் பஸ் மாதிரி. வழி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை, புகுந்துவிடுவார்கள். புதுச்சத்திரத்துப் பிள்ளைகளோ வேறு ஜாதகம். அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு அழகாக எறிகிற பள்ளிப் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. அவர்கள் கேப்டன் மேகலா என்ற பெண். ஒல்லியாக, உயரமாக, தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு வந்திருந்தாள். அவள் எறிந்தால் பந்து வலையைத் தவிர வேறெதிலும் படாது. ஆனால் ஒருத்திகூட, ஒரு முறைகூட, ரிங்குக்குக் கீழே காலை வைக்கவில்லை. வழி திறந்து கிடந்தபோதும் ஓடி வந்து, ரிங்குக்கு அடியில் இருக்கும் கட்டத்தின் உள்கோட்டுக்கு முன்னால் நின்று, அங்கிருந்தே எறிந்தார்கள். எதிரணி உள்ளே புகுந்தபோது இவர்கள் காலை அசைக்காமல் கையை மட்டும் நீட்டினார்கள். விசில், விசில், விசில். ஃப்ரீ த்ரோ எல்லாம் ஒரே பக்கம். கடைசியில் புதுச்சத்திரம் தோற்றது, அதுவும் சில புள்ளி வித்தியாசத்தில்.

ஆட்டம் முடிந்த கையோடு அவர்களுடைய பி.டி. மாஸ்டர் என் முன்னால் வந்து நின்றார். நல்ல மனிதர். கோபத்திலும் மரியாதை குறையவில்லை.

“ஏனுங்க டீச்சர், எங்க புள்ளைங்க கை மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதுங்களா?”

“தட்டினது தெரிஞ்சுது சார், ஊதினேன்.”

“அந்தப் பக்கம் ஒருத்திகூட எங்க புள்ளைங்களத் தட்டலீங்களா? ஆட்டம் பூரா?”

“உங்க பிள்ளைங்க பக்கத்துலயே போகலையே சார்.”

அவர் தலையை ஆட்டினார். “எங்க மேகலாவுக்கு இதுதானுங்க கடைசி வருசம். மாநிலத்துக்குப் போனா காலேஜ் சீட்டு. போகலீன்னா அவங்க ஊட்டுல மேல படிக்க வெக்க வசதி இல்லீங்க. அதுக்காக நான் உங்ககிட்ட பிச்சை கேக்கல. எங்க புள்ளைங்க மோதற புள்ளைங்க இல்லீங்க. நம்பலீன்னா ஒரு நாளைக்கு எங்க ஊருக்கு வந்து பிராக்டிஸப் பாருங்க. ஒருத்தி மேல ஒருத்தி படறாளான்னு பாருங்க. படவே மாட்டாளுங்க!”

அவர் போய்ப் போட்டிக் குழுவிடம் என்மேல் புகார் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே குழுச் செயலாளர் போன் செய்தார். புகார் எடுபட்டால் இனி என் கையில் விசில் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, ரொம்ப இனிமையாகப் பேசினார். “மேடம், இந்த ரெண்டு டீமும்தான் ஃபைனல் வரும் போல இருக்கு. நீங்கதான் ஊதப் போறீங்க. போன தடவ மாதிரி ஒரே பக்கம் போகாம ரெண்டு பக்கமும் பார்த்து ஊதிடுங்க. எல்லாருக்கும் நல்லது. பாவம், அந்தக் கேப்டன் பொண்ணுக்குக் காலேஜ் சீட்டு விஷயம் வேற.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் போனை வைத்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? சோறு வடிக்கும்போது அந்தப் பெண்ணின் முகம்தான் கண்முன் வந்தது. ஒரு விசில், இரண்டு விசில், யாருக்குத் தெரியப் போகிறது என்று மனசு கணக்குப் போட்டது. மிரட்டுகிறவனை எதிர்த்து நிற்பது எளிது. நல்லது செய் என்று கேட்கிறவரிடம்தான் நாம் வழுக்குவோம். மூத்த நடுவருக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த மாஸ்டர் பொய் சொல்றவர் மாதிரி தெரியுதா?” என்றார்.

“இல்லைங்க.”

“நீங்க ஊதினதும் பொய் இல்லை. நானும் கூடத்தானே இருந்தேன். ரெண்டுமே நிஜம்னா நடுவுல ஏதோ இருக்கு. அவர்தான் கூப்பிட்டாரே, போய்ப் பாருங்க. புகாருக்குப் பதில் அப்புறம் எழுதலாம்.”

என் மகள் நாமக்கல்லில் குடியிருக்கிறாள். எப்படியும் சனிக்கிழமை அங்கே போக வேண்டும். வழியில் புதுச்சத்திரத்தில் இறங்கினேன். மாஸ்டர் பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போனார். என்னைப் பார்த்ததில் அவருக்கு அவ்வளவு பெருமை. குற்றவாளியைக் கையோடு பிடித்து வந்த மாதிரி அவர் வண்டி ஓட்டினார்.

பள்ளியில் மைதானம் இல்லாததால் பிள்ளைகள் ஊர்ப் பொது இடத்தில் போட்ட கான்கிரீட் தளத்தில்தான் பழகுகிறார்கள். நல்ல தளம், வழவழவென்று இருந்தது. ஒரு பக்கத்து ரிங் கம்பம் மட்டும் வளைந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. லாரி ரிவர்ஸ் எடுத்ததில் போய்விட்டது என்றார் மாஸ்டர். அந்தப் பாதி முழுக்க வேப்பமர நிழல். ரிங் இருக்கிற மறு பாதியில் பளீரென்று வெயில்.

அந்த வெயிலில், ரிங்குக்கு நேர் கீழே, உள்கோட்டுக்குள் ஓர் அங்குலம் விடாமல் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மாஸ்டர் கவனிக்கவில்லை. “ஆரம்பிங்க அம்மணி!” என்று பிள்ளைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஆட்டம் தொடங்கியது. பிள்ளைகள் பறந்து வந்தார்கள், சோளத்தின் விளிம்புக்கு வந்ததும் பிரேக் போட்ட மாதிரி நின்றார்கள், எறிந்தார்கள். பந்து வலைக்குள் புகுந்து சோளத்தின் மேல் விழுந்தது. உடனே ஆட்டம் நின்றது. செருப்பு, ஷூ எதுவும் போடாத ஒருத்தி மட்டும் போய், மணி நசுங்காமல் பாதத்தை விளக்குமாறு போல இப்படியும் அப்படியும் தள்ளி இடம் செய்துகொண்டு, அடி மேல் அடி வைத்துப் பந்தை எடுத்து வந்தாள். மறுபடி ஆட்டம்.

விளிம்பில் ஒரு பெண்மணி குடையை விரித்துக்கொண்டு, கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். கோழியையும் ஆட்டையும் விரட்டுவதற்கு என்று நினைத்தேன். மேகலா ஒரு முறை வேகத்தில் அரை அடி உள்ளே வந்துவிட்டாள். குச்சி தரையில் படீரென்று விழுந்தது.

“அம்மணி! சோளத்த மிதிச்சே, காலக் கழட்டிப்போடுவேன்!”

“அவங்கதானுங்க மேகலாவோட அம்மா,” என்றார் மாஸ்டர். “கோழித் தீவனத்துக்குப் போற சோளமுங்க. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் எடுக்க மாட்டாங்க. ஊர்ல இந்த மாதிரி களம் வேற கெடையாது பாருங்க. அதனால ஊரே கூடிப் பேசி முடிவு பண்ணிட்டோம். கோட்டுக்கு உள்ள சோளம், கோட்டுக்கு வெளிய புள்ளைங்க. சண்ட சச்சரவே இல்ல.”

“சோளம் முடிஞ்சா?”

“கடலைங்க.”

“கடலை முடிஞ்சா?”

“எள்ளு, மொளகா, ஏதாச்சும் ஒண்ணு இருந்துட்டேதான் இருக்குமுங்க.”

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்று சிரித்தேன். மாஸ்டர் பெருமையோடு என் பக்கத்தில் வந்து கேட்டார்: “பாத்தீங்களா டீச்சர்? ஒருத்தியாச்சும் ஒருத்தி மேல பட்டாளா?”

படவில்லை. எப்படிப் படுவார்கள்? உள்ளே போக ஆளே இல்லாத இடத்தில் யார் யாரை இடிப்பது? எறிகிறவர்கள் உள்ளே புகுந்து பழகவில்லை. தடுக்கிறவர்களுக்கோ உள்ளே புகுந்து வருகிற ஒருத்தியை எப்படி மறிப்பது என்று பார்த்துப் பழகவே வாய்ப்பில்லை. அயோத்தியாப்பட்டணத்துப் பிள்ளைகள் பாய்ந்து வந்தபோது இவர்கள் திகைத்துப்போய்க் கையை நீட்டியதில் என்ன ஆச்சரியம்? அந்த மாஸ்டர் முட்டாளும் இல்லை. பிறந்ததிலிருந்து களத்தில் எதையாவது காயப் போட்டுப் பார்த்த மனிதருக்கு அது தெரியவே தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் இப்போது எனக்கு ஒரு சிக்கல். தம்பி தங்கைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். இறுதி ஆட்டத்தை ஊதப் போகிறவள் நான். பார்த்ததை இந்த மாஸ்டரிடம் சொன்னால் ஒரு அணிக்கு உதவியவள் ஆவேன். சொல்லாமல் பஸ் ஏறினால், ஏன் என்று கேட்ட மனிதருக்குப் பதில் தெரிந்தும் மறைத்தவள் ஆவேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வேப்பமரத்தடிக்குப் போய் மூத்த நடுவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஏன் ஊதினீங்கன்னு கேட்டவருக்கு என்ன பார்த்தீங்கன்னு சொல்லலாம், அது நம்ம கடமை,” என்றார். “எப்படி ஆடணும்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க. அப்புறம், இவர்கிட்ட சொன்னதை ஒரு வார்த்தை மாறாம அந்தப் பக்கத்துக் கோச்சுக்கும் இன்னைக்கே சொல்லிடுங்க.”

திரும்பி வந்து மாஸ்டரிடம் சொன்னேன். “சார், உங்களுக்கு ஏன் ஃப்ரீ த்ரோ வரலைன்னு கேட்டீங்கல்ல. அந்தப் பதில் அங்க காஞ்சுக்கிட்டு இருக்கு.”

அவர் நான் காட்டிய பக்கம் பார்த்தார். சோளத்தைப் பார்த்தார். ரிங்கைப் பார்த்தார். பிள்ளைகள் ஓடி வந்து விளிம்பில் நிற்பதைப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு, “அட கெரகமே!” என்று உட்கார்ந்துவிட்டார். நான் அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. மேகலாவின் அம்மா கொடுத்த மோரையும் நடுவர் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தேன். அந்த மோரை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அயோத்தியாப்பட்டணத்துக் கோச்சைக் கூப்பிட்டேன். அவரும் ஒரு பெண்தான், கறாரானவர். “மக்காச்சோளமா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, “சரிங்க மேடம். அப்ப அவங்க இனிமே உள்ள வருவாங்க. எங்க புள்ளைங்களுக்குத் தடுக்கறதுக்கு இந்த வாரம் நல்லா வேலை குடுக்கணும். சொன்னதுக்கு நன்றி,” என்றார். புகாருக்குப் பதிலாக, பார்த்ததையும் இரண்டு பேரிடம் சொன்னதையும் நாலு வரியில் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் படித்தாரோ இல்லையோ.

சோளம் அன்றைக்கே மேகலா வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அணி முழுவதும் மூட்டை சுமந்ததாம். அவள் அம்மா மட்டும் கீழே நின்று, சிந்தாமல் தூக்கச் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தாராம்.

செயலாளர் சொன்னபடியே இறுதி ஆட்டத்துக்கு இந்த இரண்டு அணிகளும்தான் வந்தன. நாமக்கல் சாலையில் ஒரு கல்லூரி மைதானம். இரண்டு ஊரும் திரண்டு வந்திருந்தன. மேகலாவின் அம்மா முன்வரிசையில் அதே குடையோடு இருந்தார். செயலாளர் ஆட்டம் தொடங்கும் முன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் பார்க்காத மாதிரி ஷூ லேஸைக் கட்டினேன்.

முதல் பாதியில் புதுச்சத்திரத்துப் பிள்ளைகள் பாதி புதிதும் பாதி பழையதுமாக ஆடினார்கள். சில பேர் உள்ளே புகுந்தார்கள், இடிபட்டார்கள், ஃப்ரீ த்ரோ கிடைத்தது. தடுக்கும்போது காலும் கொஞ்சம் நகர்ந்தது. மேகலா மட்டும் உள்ளே போகவே இல்லை. அவள் காலுக்கு இன்னும் அங்கே சோளம் இருந்தது.

மூன்றாவது கால்பகுதியில் ஒரு முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு போகிற மாதிரி பாய்ந்தாள். எதிரணிப் பெண் ஒருத்தி முன்னாலேயே வந்து, இடம் பிடித்து, ஆடாமல் நின்றிருந்தாள். மேகலா நேராக அவள் நெஞ்சில் போய் மோத, இருவரும் விழுந்தார்கள். பந்து வலைக்குள் விழுந்தது. ஊரே எழுந்து கூத்தாடியது. நான் விசிலை ஊதி மேகலா பக்கம் கையைக் காட்டினேன். இடம் பிடித்து நிற்பவரை எறிகிறவரே போய் மோதினால் தவறு மோதியவள்மேல், அந்தப் புள்ளியும் கிடையாது.

அப்புறம் எனக்கு விழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. மாஸ்டர் துண்டை வீசி எறிந்தார். குடைக்காரம்மா எழுந்து நின்று, என் கண்ணுக்கு என்ன கேடு என்று விசாரித்தார். செயலாளரின் முகம் செத்துப்போனது. அந்த நிமிடம் எனக்கு, அந்தப் பெண்ணின் படிப்பையே தட்டிப் பறித்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த எதிரணிப் பெண்ணும் ஒரு வாரம் முழுக்கக் காலை நகர்த்தப் பழகி வந்தவள். அவள் உழைப்பை எடுத்து இவளுக்குக் கொடுக்க நான் யார்?

கடைசி நிமிடம். புதுச்சத்திரம் ஒரு புள்ளி பின்னால். பந்து மேகலாவின் கையில். அவளை மறித்த பெண் தூரத்து எறிதலுக்குப் பயந்து அவளை ஒட்டி முன்னால் வந்துவிட்டதால் பின்னால் வழி திறந்து கிடந்தது. மேகலா ஓடினாள், உள்கோட்டுக்கு வந்தாள், கால் நின்றுவிட்டது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல், மைதானமே கேட்கும்படி:

“மிதி சாமி! மிதிச்சுப்போட்டுப் போ! சோளம் போனாப் போவுது!”

மேகலா போனாள். இரண்டே எட்டு, பிறகு காற்றில் இருந்தாள். பக்கத்திலிருந்து ஒருத்தி தாமதமாக ஓடி வந்து இடுப்பால் இடித்தாள். பந்து ரிங்கில் பட்டு வெளியே போனது. நான் ஊதினேன். சற்றுமுன் மோதியவள்மேல் ஊதிய அதே விசில், இப்போது இடித்தவள்மேல். அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் உடனே, “சரிக்கட்டறாங்க!” என்று கத்தினார்கள். கத்தட்டும். மூத்த நடுவர் மறுகோடியிலிருந்து என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அவர்களுடைய கறார் கோச், கத்திய தன் பிள்ளைகளைக் கையமர்த்தி உட்கார வைத்தார்.

இரண்டு ஃப்ரீ த்ரோ. கோட்டில் மேகலா. அவள் பழகிய தளத்தில் அந்தக் கோடே சோளத்துக்கு அடியில்தான் கிடந்தது. பந்தைக் கையில் கொடுத்ததும் ஐந்து நொடிக்குள் எறிய வேண்டும், தவறினால் நான் ஊதியாக வேண்டும். பந்தைக் கொடுத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன். அந்தப் பெண் எறியவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். வலது காலால் இப்படி ஒரு தள்ளு, அப்படி ஒரு தள்ளு. சுத்தமான சிமென்ட் தரையில், இல்லாத மக்காச்சோளத்தை ஒதுக்கினாள்! பக்கத்தில் நின்ற எதிரணிப் பிள்ளைகள் கீழே ஏதாவது கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மூன்று என்று எண்ணினேன். விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டு, எறிடி, எறிடி என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஐந்து தாண்டியிருந்தால் ஊதியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எறிந்தாள். வலையைத் தவிர எதிலும் படவில்லை. மறுபடி பந்து, மறுபடி காலால் ஒரு தள்ளு, மறுபடி வலை. மீதியிருந்த நொடிகளில் அயோத்தியாப்பட்டணம் அவசரமாக எறிந்த பந்து பலகையில் பட்டுத் தெறித்தது. முடிந்தது. புதுச்சத்திரம் மாநிலத்துக்குப் போகிறது. பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து குவியலாகக் கிடந்தார்கள். படவே மாட்டாளுங்க என்று சொன்ன மாஸ்டர் அந்தக் குவியலுக்கு அடியில் எங்கேயோ இருந்தார்.

செயலாளர் முகமெல்லாம் பல்லாக என்னிடம் ஓடி வந்தார். “பிரமாதம் மேடம்! ஃப்ரீ த்ரோ ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா வந்திருக்கு, பாத்தீங்களா? நான் சொன்னத மனசுல வெச்சே ஊதிட்டீங்க.”

அந்த மனிதரை அங்கேயே இரண்டு திட்டுத் திட்டியிருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. “சமன் பண்ணினது நான் இல்லை சார். அதோ, குடையோட வர்றாங்களே, அந்த அக்கா,” என்றேன்.

அவர் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினார். “யாருங்க, பெரிய இடமா?”

“ஆமாங்க. சோளம் காயப் போடற இடம்.”

அதற்குள் மேகலாவின் அம்மா என் முன்னால் வந்துவிட்டார். கண்ணெல்லாம் ஈரம். கும்பிடப் போகிறார் என்று நினைத்து நான் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

“டீச்சருங்க, எல்லாஞ் சரி. அந்த மூணாவது ஆட்டத்துல என்ற மவ மேல ஒண்ணு ஊதுனீங்களே, அது மட்டும் எனக்கு ஆறவே இல்லீங்க.”

“அது சரியாத்தான் ஊதினேங்க அக்கா.”

“சரியாவே இருக்கட்டுங்க,” என்றார் அவர், குடையை மடக்கிக்கொண்டே. “எனக்கு ஆறலீங்க.”

அந்தத் தங்கைக்கு என் பதில் இதுதான்: தப்பாக நினைக்கத்தான் செய்வார்கள், நினைக்கட்டும்; நீ பார்த்ததை மட்டும் ஊது. அந்த அக்கா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அந்த ஒரு விசிலைப் பற்றியேதான் கேட்கிறார். மேகலா இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளும் அம்மாவின் பக்கம்தான்.